கோடு கீறப் பழகிய பிரேக் நானா

திருகோணமலையில் கார் ஓடப் பழகிய பெண்களில் பாதிப் பேரையாவது இன்பாஸ் பழக்கியிருப்பார். அந்தப் பாதியில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அவருடைய காருக்குள் இருந்து அழுதிருப்பார்கள். அதற்காக அவரைக் கெட்ட மனுஷன் என்று யாரும் சொன்னதில்லை. கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். பழகுகிறவர்களிடம் பிழைக்கு என்ன பஞ்சம்?

சொந்த ஊர் கிண்ணியா. பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் மீன் லொறியை மிதவையில் ஏற்றி இறக்கிக் கண்டிவரைக்கும் ஓடியவர். பிறகு கட்டாரில் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சாரதியாக இருந்தார். அங்கே பின்சீட்டில் இருந்த சீமாட்டி சொன்ன குறைகளையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஊருக்கு வந்து ஈடுகட்டுகிறார் என்பது அவருடைய மனைவி றுமானாவின் கணிப்பு. ஊர் திரும்பியதும் ஒரு வெள்ளை மாருதி வாங்கி, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சாரதிப் பயிற்சிப் பாடசாலை என்று பலகை மாட்டினார். மாருதியில் தான் இருக்கும் பக்கத்திலும் ஒரு பிரேக் பூட்டினார். அதை மிதிப்பதும் "பிரேக்" என்று கத்துவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பழகுகிறவர்களின் நெற்றி முன்கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வரும். அண்ணன்மாரை நானா என்று கூப்பிடும் ஊரில் பிரேக் நானா என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமைகளில் வீதி ஒழுங்கு வகுப்பு. அறையில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. சந்திகளையும் சுற்றுவட்டங்களையும் அதில் கீறி விளக்குவார். தான் கீறுவது மற்றவர்களுக்கு விளங்குகிறது என்றே இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் கல்லெறிந்தவர் புஸ்பராணி ரீச்சர்.

ரீச்சர் தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவர். வீடு ஓர்ஸ் ஹில்லில். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, காலையில் பஸ்ஸில் தொங்க இனி ஏலாது என்று கார் ஓடப் பழக முடிவெடுத்தார். முதல் நாள் அவருடைய கணவர் யுகேந்திரன்தான் பழக்கினார். கார் போய் முன்வீட்டுக் கேற்றில் முட்டியது. அன்று பின்னேரம் இருவரும் வேறு வேறு கதிரைகளில் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். அடுத்த நாளே ரீச்சர் இன்பாஸிடம் வந்து சேர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை இன்பாஸ் பலகையில் நாலைந்து வளைவுகளை இழுத்துவிட்டு மார்க்கரால் தட்டினார்.

"இந்த வாகனம் இஞ்சால வருது. நீங்க இஞ்சால நிக்கிறீங்க. ஆர் முதல்ல போறது?"

பின்வரிசையில் ரீச்சர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"நானா, குறை நினைக்கவேண்டாம். அதில வாகனம் எது?"

"இது."

"அப்ப பக்கத்தில நிக்கிறது?"

"அது றோட்டு, ரீச்சர்."

"நான் அதைத்தான் பஸ் எண்டு நினைச்சனான். நடுவில?"

"ரவுண்டபவுட்."

"ஓ. பொரிச்ச முட்டை எண்டு நினைச்சிட்டன்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ரிஸ்னா என்ற பிள்ளை சிரிப்பை அடக்கப் போய் விக்கல் எடுத்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இன்பாஸும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"நான் கீறுறது ஆக்களுக்கு விளங்காதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

றுமானா யோசிக்கவே இல்லை. "உங்கட தங்கச்சிட கலியாணக் கார்டுல வழிப்படம் கீறினீங்களே, ஞாபகம் இரிக்கா? மாப்பிள்ளப் பகுதி ஆக்கள் பாதிப் பேரு ஐஸ் பெக்டரில போய் நிண்டாங்க."

"அது அவங்கட பிழை."

"ஓம். அம்பது பேரும் ஒண்டாப் பிழை விட்டாங்க."

அடுத்த ஓட்டப் பயிற்சியில், உட்துறைமுக வீதியில் கார் போய்க்கொண்டிருந்தபோது, பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இன்பாஸ் கேட்டார்.

"ரீச்சர், இந்தப் படம் கீறுறது... என்ன மாதிரி ஆக்களுக்கும் பழக ஏலுமா?"

ரீச்சர் சிரிக்கவில்லை. கியர் மாற்றும் அவசரத்தில் அவருக்குச் சிரிக்க நேரமும் இருக்கவில்லை. "ஏலும். ஆனா படம் இப்ப வேண்டாம். முதல்ல கோடு. தாளில ரெண்டு புள்ளி வையுங்கோ. ஒண்டில இருந்து மற்றதுக்கு ஒரே இழுவையில போங்கோ. அடிமட்டம் வைச்சுக் கீறக்கூடாது. ஒரு தாள் முழுக்கக் கீறிப் போட்டு வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்."

"கோடுதானே," என்றார் இன்பாஸ்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும்வரைக்கும் எழும்பவில்லை. கண்டிக்கு லொறி ஓடினபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. தாளைப் படம் எடுத்து அனுப்பினார். சற்று நேரத்தில் ரீச்சரிடமிருந்து குரல் பதிவு வந்தது. கைபேசி குசினி மேசையில் கிடந்தபடியால் அதை முதலில் அழுத்தியவர் றுமானா.

"நானா, பாத்தன். முதல் கோடு நிலாவெளிக்குப் போகுது, அடுத்தது மூதூருக்குப் போகுது. ரெண்டையும் ஒரே ஊருக்கு அனுப்பத்தான் சொன்னனான். பரவாயில்லை, பயணம் எண்டு ஒண்டு துவங்கியிருக்கு. தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பாருங்கோ, பள்ளம் விழுந்திருக்கும். பென்சிலை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்கள். நாளைக்குப் பிடியை மட்டும் தளர்த்துங்கோ. வேற ஒண்டும் மாத்தவேண்டாம்."

றுமானா தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தார். "பள்ளம்தான். தண்ணி திறந்துவிட்டா வேளாமை செய்யலாம்."

அன்று தொடங்கியது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகமுன் ரீச்சர் காரை ஓட்டுவார், இன்பாஸ் பிழை சொல்வார். பின்னேரத்தில் இன்பாஸ் கோடு கீறுவார், ரீச்சர் பிழை சொல்வார். இரண்டாம் நாள், மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை அசைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வந்த பதிவைக் கேட்டு இன்பாஸுக்குக் கோபமே வந்தது.

"பென்சில் நுனியைப் பாக்காதேங்கோ நானா. போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கோ. கண் அங்க போனா கை பின்னால வரும்."

"பொனட்டப் பாக்காதீங்க, தூரத்தப் பாருங்க எண்டு நான் அவவுக்குச் சொல்லுற கதை இது," என்றார் மனைவியிடம். "என்ட கதைய எனக்கே திருப்பித் தாறா."

"அப்ப சரியான கதைதானே. செஞ்சு பாருங்க."

செய்து பார்த்தார். முதல் கோடு வளைந்தது, இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது எங்கும் நிற்காமல் போய்ப் புள்ளியில் இறங்கியது. இன்பாஸ் பென்சிலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கீறியதெல்லாம் பழையபடி வளைந்துதான் போனது. அன்றைய பதிவு சின்னது: "மேல இருந்து மூண்டாவது கோடு. அது உயிரோட இருக்கு நானா."

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அவர் குசினிக்குள் போனார். றுமானா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எந்தக் கோடு நல்லம், சொல்லுங்க பாப்பம்."

றுமானா கத்தியின் நுனியால் கடைசிக் கோட்டைக் காட்டினார். இரவுச் சாப்பாடு முடியும்வரைக்கும் இன்பாஸ் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கோட்டுக்குப் பிறகு வட்டம் வந்தது. வட்டம் அவரைப் படாதபாடு படுத்தியது. தொடங்கிய இடமும் முடியும் இடமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே போயின. ரீச்சர் பொறுமையாகத் தரம் பிரித்துச் சொன்னார்: "இது மாங்காய். இது வத்தாளங்கிழங்கு. மூலையில இருக்கிறது தாரா முட்டை, அது கொஞ்சம் கிட்ட வந்திருக்கு. ரெண்டு தரம் காத்தில சுத்திப் போட்டுப் பிறகு தாளில கையை இறக்குங்கோ." இரண்டு தரம் காற்றில் சுற்றினார். பத்துத் தரமும் சுற்றினார். கை இறங்கியதும் மாங்காய்தான் வந்தது.

வட்டம் தொடங்கிய நாலாம் நாள் அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு ஜாம் போத்தல் மூடி அவருடைய கண்ணில் பட்டது. நல்ல மனுஷனுக்கும் ஒரு பலவீனமான நேரம் வரத்தானே செய்யும். அன்று அனுப்பிய தாளில் வட்டங்கள் நிலாக்கள் போல வரிசையாக நின்றன.

பதிவு வந்ததும் றுமானா கைபேசியை உரக்க வைத்தார். இது இப்போது அந்த வீட்டில் நாடகம் பார்ப்பதுபோல ஆகிவிட்டிருந்தது.

"வடிவான வட்டங்கள், நானா. ஆனா ஒண்டும் உங்கட இல்லை. எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் மாதிரி இருக்கு. ஒவ்வொண்டிலயும் ஒரே இடத்தில ஒரு சின்னக் கூன். என்ன மூடி அது, நெளிஞ்சிருக்கு? லைசன்ஸ் ட்ரயல் அண்டைக்கு நீங்கள் வந்து எனக்குப் பதிலாக் காரை ஓட்டுவீங்கள் எண்டா, இதையும் நான் ஒத்துக்கொள்ளுறன்."

"அது என்ட ஜாம் போத்தல்ட மூடி," என்றார் றுமானா. "ரெண்டு நாளா நான் தேடித் திரியிறன். எறும்பு ஏறிட்டுது."

இன்பாஸ் தாள்களை அள்ளி அலுமாரிக்கு மேல் போட்டார். அவருடைய வாழ்க்கையில் யாரும் அவரைக் கள்ளன் என்று சொன்னதில்லை. ரீச்சரும் சொல்லவில்லைதான். ஆனால் காதுக்குள் அப்படித்தான் கேட்டது.

மறுநாள் காலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பயிற்சி. ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் எடுத்துப் போவதுதான் ரீச்சருக்கு வராத வித்தை. எடுத்தார், நின்றுவிட்டது. திரும்ப எடுத்தார், பின்னால் உருண்டது. இன்பாஸ் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"கிளட்ச்ச என்னத்துக்கு அப்புடி விட்டீங்க? கண்ணாடி பாத்தீங்களா? பாக்கல்ல. ஹேன்ட்பிரேக் எங்க? எக்ஸிலேட்டர் காணாது. கைய ஏன் அப்புடிப் பிடிக்கிறீங்க? சீட்டுல நிமிர்ந்து இருங்க. எத்தின நாளாச் சொல்றன். சிக்னலும் எரியுது, ஆருக்குப் போட்டீங்க?"

பின்னால் ஓர் ஓட்டோ ஹோன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லொறியும் சேர்ந்துகொண்டது. ரீச்சர் ஹேன்ட்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை நிறுத்தினார். சிக்னலையும் நிறுத்தினார். அவருடைய குரல் உயரவில்லை.

"நானா, உங்கட தாளில நான் ஒரு நாளைக்கு எத்தினை பிழை காணுறன் எண்டு நினைக்கிறீங்கள்? ஒண்டைத்தான் சொல்லுறனான். நீங்கள் ஒரே மூச்சில எல்லாத்தையும் கொட்டினா நான் எந்தக் காலை எங்க வைக்கிறது?"

கதவைத் திறந்து இறங்கினார். வீடு பக்கத்தில்தான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார். ஓட்டோக்காரனும் லொறிக்காரனும் ஹோனை விடாமல் அமுக்க, இன்பாஸ் கியர்த்தடிக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டு, உடுத்திருந்த சாரம் மாட்டுப்பட்டு, ஒரு பாடாகச் சாரதி இருக்கைக்கு வந்து சேர்ந்தார். இத்தனை வருட வாகன ஓட்டத்தில் அன்றுதான் அந்த ஏற்றத்தில் அவருடைய கையிலேயே கார் ஒரு தடவை நின்றுபோனது.

பகல் முழுக்க அவர் பயிற்சிப் பாடசாலைப் பக்கம் போகவில்லை. பின்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ரீச்சரின் பதிவுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பிடியைத் தளர்த்துங்கோ. தோளால அசையுங்கோ. புள்ளியைப் பாருங்கோ. அந்த மாங்காய்களையும் தாரா முட்டையையும் பார்த்துவிட்டு அந்த மனுஷி எவ்வளவு சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார். தானாக இருந்திருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தார். அந்த இரண்டாவது நினைப்புத்தான் அவரை அதிகம் உறுத்தியது.

"நான் பிழையச் சொல்லத்தானே இரிக்கேன்," என்றார், கொடியில் உடுப்புப் போட வந்த மனைவியிடம்.

"சொல்லுங்க. ஆனா ஆளுக்குக் காது ரெண்டுதானே இரிக்கி," என்றார் றுமானா. உடுப்பைக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே போனார்.

அலுமாரிக்கு மேல் போட்ட தாள்களை இன்பாஸ் எட்டி எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க வட்டம் கீறினார். அத்தனையும் மாங்காயும் கிழங்கும்தான். கீழே "மூடி இல்லாமல்" என்று எழுதி அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கீறுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

அடுத்த பயிற்சிக்கு ரீச்சர் வருவாரா என்ற கேள்வியோடு அவர் மாருதியைத் துடைத்துக்கொண்டு நின்றார். ரீச்சர் வந்தார். நேரே ஏற்றத்துக்குப் போனார்கள். கார் நின்றது. இன்பாஸின் தொண்டை வரைக்கும் ஏழெட்டுப் பிழைகள் வந்து வரிசையில் நின்றன. அவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு அவற்றை விழுங்கினார்.

"கிளட்ச்ச மட்டும் பாருங்க, ரீச்சர். மத்ததெல்லாம் என்ட பாடு."

கார் ஒரு தடவை நடுங்கியது, பிறகு ஏறியது. மேலே போய்ச் சமதரையில் நிறுத்தியதும் இன்பாஸுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும்போல இருந்தது. பழக்கமில்லாத வேலை.

"ரீச்சர்... எடுக்க முன்னம் கண்ணாடி பாத்தீங்க. அது... நல்லம்."

ரீச்சர் திரும்பி அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். "நானா, உடம்புக்கு ஏதும் வருத்தமா?"

அன்று பின்னேரம் வட்டங்களுக்கான பதில் வந்தது: "ரெண்டாவது வரியில கடைசிக் கிழங்கு. இன்னும் ஒரு சுத்து சுத்தினா அது வட்டம்தான்."

இந்த மாற்றம் மற்றவர்களிடமும் பரவியபோது சனங்கள் பயந்துபோனார்கள். முன்வரிசை ரிஸ்னாவிடம் "ஹோன் அடிச்ச விதம் நல்லம், இனிக் கொஞ்சம் குறைச்சு அடிங்க" என்று அவர் சொல்ல, அவளுடைய உம்மா றுமானாவுக்கு அழைப்பு எடுத்து, நானாவுக்குச் சீனி கூடிவிட்டதா, டொக்டர் ஏதும் சொன்னாரா என்று விசாரித்தார். ஒரு விதமான வருத்தம்தான், சுகமாக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறோம் என்றார் றுமானா.

ட்ரயல் நாளன்று இன்பாஸ் பரிசோதனை வளவின் மதிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சும்மா நிற்க முடியாமல், சட்டைப் பையிலிருந்த தாளொன்றை எடுத்துப் பெட்டிகள் கீறத் தொடங்கினார். வட்டத்துக்குப் பிறகு ரீச்சர் கொடுத்த பாடம் அது: பெட்டி, மேலும் பெட்டி, எல்லாப் பக்கமும் திருப்பி வைத்த பெட்டி. மூன்று பெட்டி முடிந்தபோது உள்ளே எஞ்சின் சத்தம் நின்றது. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெளியே வந்தார்.

"பாஸ்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ரிவேர்ஸ் கொஞ்சம் மெதுவாம். நீங்கள் மதிலுக்கு மேலால பாத்தீங்கள்தானே. எத்தினை பிழை?"

"மூணு கண்டன்."

"ஒண்டைச் சொல்லுங்கோ."

"இண்டைக்கு வேணாம் ரீச்சர்," என்றார் இன்பாஸ். "இண்டைக்கு நீங்க பிழை இல்லாம ஊட்டுக்குப் போங்க."

ரீச்சர் காரை எடுத்துத் தம்பலகாமம் போய்வரத் தொடங்கினார். காலைப் பயிற்சிகள் நின்றன. இன்பாஸின் பயிற்சி நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கிண்ணியாவில் உம்மா வீட்டுக்குப் போன இடத்தில், பாலத்தடியில் கட்டியிருந்த மீன்பிடிப் படகொன்றைக் கீறினார். யாரும் கீறச் சொல்லாமல் கீறிய முதல் படம் அது. பெட்டியும் வட்டமும் கோடும் எல்லாம் அதற்குள் இருந்தன. றுமானா பார்த்துவிட்டு, "இது படகுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ரீச்சருக்கு அனுப்பினார். அன்று பதில் இல்லை, அடுத்த நாளும் இல்லை. இன்பாஸ் கைபேசியைத் திறந்து திறந்து பார்த்தார். திங்கட்கிழமை மத்தியானம்தான் பதிவு வந்தது. பின்னணியில் வாகன ஹோன்களும் ஆட்களின் கூச்சலும் கேட்டன.

"நானா, பிந்திப்போச்சு. தம்பலகாமம் றோட்டில யானை குறுக்க நிக்குது. முன்னுக்கு ரெண்டு உழவு இயந்திரம், பின்னுக்கு ஒரு பஸ், நடுவில நான். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உங்கட படத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். முன்மூக்கில அணியத்து வளைவு வடிவா வந்திருக்கு, அது ஒருத்தரும் சொல்லித் தராத வளைவு. ஆனா உங்கட படகு தண்ணிக்கு மேல நிக்குது நானா. தண்ணிக்குள்ள இல்லை. மேசையில வைச்ச மாதிரி இருக்கு. போய்ப் பாருங்கோ, எவ்வளவு தாழ்ந்திருக்கு எண்டு. ஆ, யானை அசையுது, வைக்கிறன்."

இன்பாஸ் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மைதான். படகு தண்ணீரைத் தொடாமல் மரியாதையாக மேலே உட்கார்ந்திருந்தது. பின்னேரப் பயிற்சியை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்துவிட்டு மாருதியில் கிண்ணியாவுக்குப் போனார். பாலத்தடியில் இறங்கி, கரையில் குந்தியிருந்து, தலையைச் சரித்துப் படகின் பக்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலை ஆய்ந்துகொண்டிருந்த படகுக்காரர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன நானா, படகு வாங்கப் போறீங்களா?"

"இல்ல. எவ்வளவு தண்ணிக்குள்ள இரிக்கி எண்டு பாக்கிறன்."

படகுக்காரர் எழும்பி வந்து, தன்னுடைய படகைத் தானும் ஒரு தடவை குனிந்து பார்த்தார். "ஏன், ஓட்டையா?" என்று பதறிக் கேட்டார்.